மருந்து வராத ஊரில் பிறந்த மருத்துவம்

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, நத்தம் பக்கமாக, அடியனூத்து, தோட்டனூத்து, கோபால்பட்டி என்று மூன்று ஊர்கள். மூன்றிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருந்தன. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் அவர்களுக்காக 321 வீடுகள் திறக்கப்பட்டன. நெருக்கமான சின்னஞ்சிறு முகாம் குடியிருப்புகளில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டவர்களுக்குச் சொந்தக் கதவு என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அத்தனை வருடமும் அந்த மனிதர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? வீட்டைக் கணக்கெடுக்கும் நாம் அதைக் கேட்பதில்லை. கேட்டால், அவர்கள் விட்டுவந்த மண்ணுக்கே போக வேண்டியிருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மனத்தைத் தானே பேணிக்கொள்ளும் ஒரு முறை அங்கே தமிழில் உருவானது. அதன் பிறப்பைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1980களின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் யாரும் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி என்றார்கள். நெஞ்சு அடைக்கிறது, கைகால் உளைகிறது, நித்திரை இல்லை என்றார்கள். பேச்சுக்குப் பேச்சு ஒரு பெருமூச்சு. அங்கே உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் இந்தப் பெருமூச்சையே ஒரு நோய்க்குறியாகக் குறித்துவைத்தவர். அதைவிட முக்கியமாக, இது அந்த ஒருவரின் காயம் மட்டுமில்லை என்று கண்டுகொண்டவர். மகனைப் பறிகொடுத்த தாய், இருமுறை மும்முறை இடம்பெயர்ந்த குடும்பம், ஷெல் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்கு ஓடப் பழகிய குழந்தை என்று ஊர் முழுவதுமே காயம்பட்டிருந்தது. வடக்கு முழுவதற்கும் இருந்த உளமருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1990இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்தார்கள். சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டார்கள். மருந்துகளுக்கும் கட்டுப்பாடு. மாத்திரையை நம்பி ஒரு சமூகத்தின் மனத்தைக் காப்பது நடக்காத காரியம் ஆயிற்று. வெளியிலிருந்து ஒன்றும் வராது என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தேடத்தானே வேண்டும்? இந்த மருத்துவம் அந்தத் தேடலில்தான் பிறந்தது.

உள்ளே நிறையவே இருந்தது. சைவர்களிடம் செபம் இருந்தது. கத்தோலிக்கர்களிடம் செபமாலை, முஸ்லிம்களிடம் திக்ர், பௌத்தர்களிடம் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. இவற்றோடு மூச்சுப்பயிற்சியும், உடம்பைத் தளர்த்திப் படுக்கும் சாந்தியாசனமும். வருகிறவரிடம் அவரவர் வழக்கத்தைக் கேட்டு, அதையே சிகிச்சையாக நாளும் செய்யச் சொன்னார்கள். புதிதாக எதையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டி சொல்லித்தந்த மந்திரத்தை டாக்டரும் சொல்லச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

இதில் மாயம் ஏதுமில்லை. பயத்தில் மூச்சு குறுகுகிறது, இதயம் படபடக்கிறது, தசை இறுகுகிறது. மெல்ல, நீளமாக மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகம் தணிகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அலைபாயும் எண்ணம் ஓரிடத்தில் கட்டுப்படுகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களை அளந்து பார்த்து, 1975இல் இதைப் பற்றி எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. பென்சனிடம் ஆய்வுக்கூடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில், விமானச் சத்தம் கேட்டால் எழுந்து ஓட வேண்டிய நோயாளிகளோடு அதே காரியத்தைச் செய்தார்கள். அந்த உழைப்பை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆனால் தனியாக உட்கார்ந்து மூச்சுவிடுவதோடு இது நின்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. 1987இல் தொடங்கப்பட்ட ‘சாந்திகம்’ நிறுவனம் ஊர்க்காரர்களையே உளவளத்துணையாளர்களாகப் பயிற்றுவித்தது. ஒரு மருத்துவர் பார்க்க முடியாத கூட்டத்தை நூறு ஆசிரியர்கள் பார்க்கலாம் என்பது கணக்கு. 1995 அக்டோபர் 30இல், போர் நெருங்கியதால், யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியானது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில், ஒடுங்கிய வீதி வழியே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அதன் பின் தேவை பல மடங்கானது. அகதிகளின் உளநலத்துக்காக உலக சுகாதார நிறுவனம் 1996இல் ஒரு கையேடு வெளியிட்டிருந்தது. அதைத் தழுவி, தமிழர் வாழ்க்கைக்கேற்ப மாற்றி, தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் ‘தமிழ் சமுதாயத்தில் உளநலம்’ என்ற நூலை 2000இல் கொண்டுவந்தார்கள். ஆசிரியர், கிராம சேவகர், சுகாதாரப் பணியாளர் கையில் வைத்துப் பழகுவதற்கான நூல் அது.

துக்கத்தையும் இவர்கள் இந்தப் பார்வையோடுதான் அணுகினார்கள். ஒப்பாரி மூடப்பழக்கம் என்று ஒதுக்கப்படவில்லை. அழுகையை வெளியே கொண்டுவர ஊர் கண்டுபிடித்த வழி என்று மதிக்கப்பட்டது. எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று ஒவ்வொரு சடங்கும் துக்கத்தை ஒரு படி இறக்கிவைக்கும். போர் கெடுத்தது இவற்றையும்தான். அந்தியேட்டி செய்யும் கீரிமலை பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. காணாமல் போனவர்களுக்கோ உடலே இல்லை. திவசம் கொடுத்தால் பிள்ளையைத் தானே கொன்றதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்த தாயிடம் எந்த மூச்சுப்பயிற்சி பேசும்? அவளைப்போன்ற இன்னொரு தாய் பக்கத்தில் உட்கார வேண்டும். தன்னைப் பேணுவது தனியாள் வேலை என்று இன்று விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்காததற்கு இவள்தான் காரணம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. கடுமையான மனநோய்க்கு மாத்திரையும் வார்டும் வேண்டும். 2009இல் போர் முடிந்த பின் வன்னியில் உளசமூகப் பணிக்கு அனுமதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆட்சி தடுத்தால் இந்த முறையும் முடங்கும்.

நம் பக்கம் வருகிறேன். 1984இல் அகதிகளே அகதிகளுக்காகத் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வி, உடல்நலம் என்று வேலை செய்தது. சந்திரகாசன் தலைமையில் நடந்த அந்த முயற்சியிலும் இதே நம்பிக்கை தெரிகிறது: அடிபட்டவரே கைகொடுப்பவராகவும் இருக்க முடியும். தோட்டனூத்துக்காரர்களின் நெருக்கடி இன்னும் தீரவில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை கேள்விக்குறி. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, நல்லதுதான். அதோடு, யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட அந்த உளநல நூலைத் திண்டுக்கல் முகாம்களின் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும். வகுப்பெடுக்க ஆளை வெளியே தேட வேண்டாம். முகாமிலேயே அந்தப் போரைக் கடந்துவந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைக்கலாம்.