குரூஸ்: மன்னார்க் கரையில் ஒரு பெயரின் பயணம்

1990களின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் நான் இளநிலை உதவி ஆசிரியன். மன்னாரிலிருந்து வரும் செய்திகள் அந்நாளில் கரகரக்கும் தொலைபேசியில் சொல்லப்பட்டு, யாரோ ஒருவரால் அவசரமாகக் கிறுக்கப்பட்டு, எங்கள் மேசைக்கு வந்து சேரும். ஓர் இரவு வந்த செய்தி நாலே வரி. கடலுக்குப் போன தாழ்வுபாட்டு இளைஞர் ஒருவர் கரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. பெயரின் கடைசிப் பகுதி 'குரூஸ்' என்றிருந்தது. கிறுக்கெழுத்தில் அது பிழையென்று நான் முடிவு செய்தேன். ஈற்றெழுத்தை வெட்டி, நெடிலைக் குறிலாக்கி, 'குரு' என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் இறந்தவரின் தகப்பனார். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. "ஐயா, என் மகன் குரு அல்ல, குரூஸ். பத்திரிகைத் துண்டை எடுத்து வைத்திருக்கிறோம். பேர் சரியாக இருந்தால் நல்லது" என்று மட்டும் எழுதியிருந்தார். உள்பக்கம் ஒன்றின் மூலையில் திருத்தம் வெளியிட்டோம். அந்தத் திருத்தம் வெளியான இதழ் அவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அட்டை எனக்குள் ஒரு கேள்வியை விதைத்தது. தமிழ் மீனவக் கிராமமொன்றில், தமிழைத் தவிர வேறு மொழி பேசாத ஒரு குடும்பத்தில், இந்தப் பெயர் எப்படி வந்து குடியேறியது? அதைத் தேடிச் சேர்த்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தாழ்வுபாட்டை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வரி. மன்னார்த் தீவின் தென்கரையில், நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் கத்தோலிக்க மீனவக் கிராமம் அது. பக்கத்தில் கீரிக் கடற்கரை. ஈழத்துக் கடற்றொழிலாளர் பேச்சில் 'பாடு' என்றால் கரைவலை வளைத்து இழுக்கும் இடம். 'கரைவலைப்பாடு' என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது. தாழ்வுபாடு என்ற ஊர்ப்பெயரின் பிற்பகுதியும் அந்தச் சொல்லே என்பது என் கருத்து. ஊரின் பெயர் இப்படித் தொழிலிலிருந்து பிறந்த தூய தமிழாக இருக்க, ஊரவரின் பெயர்களில் பல கடல் கடந்து வந்தவையாக இருக்கின்றன. குரூஸ், பீரிஸ், பெர்னாண்டோ, டயஸ், மிராண்டா என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். இலத்தீனில் 'குருக்ஸ்' என்றால் சிலுவை. அதுவே போர்த்துக்கேய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் 'குரூஸ்' என்றாயிற்று. மெய்யெழுத்து இரண்டு சேர்ந்து சொல்லுக்கு முதலில் நிற்பதைத் தமிழ் நாக்கு ஏற்பதில்லை. ஆகவே இடையில் ஓர் உகரம் புகுந்து 'கு-ரூஸ்' ஆனது. பொதுச்சொல்லாக வந்தபோது இன்னும் ஒரு படி தமிழாகி, 'குருசு' என்று நின்றது. கடற்கரைக் கத்தோலிக்கர் வழக்கில் குருசு என்பது நெடுங்காலச் சொல். வழியோரச் சிலுவைக்குக் 'குருசடி' என்று பெயர் சொல்லும் ஊர்கள் குமரிக் கரையிலே உண்டு. மற்றொரு சொல்லான 'சிலுவை'யும் இங்கே முளைத்ததன்று. அது சிரிய மொழியின் 'ஸ்லீபா', மலையாளக் கரைச் சிரிய கிறித்தவர் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. ஒரே மரத்துண்டுக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள். ஒன்று மேற்காசியாவிலிருந்து வந்தது, மற்றது லிஸ்பனிலிருந்து வந்தது. இரண்டும் ஆட்பெயர்களாகவும் ஆயின. சிலுவை என்றும், சிலுவைராசா என்றும், குருசுமுத்து என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட தலைமுறைகள் நம்மிடையே வாழ்ந்திருக்கின்றன.

போர்த்துக்கேயக் குடிப்பெயர்களில் பெரும்பாலானவை தகப்பன் பெயரிலிருந்து வந்தவை. பெரோவின் மகன் பெரெஸ். அதுவே நம் பீரிஸ். தியோகுவின் மகன் டயஸ். வாஸ்கோவின் மகன் வாஸ். குரூஸ் அப்படிப்பட்டதன்று, அது பக்தியிலிருந்து பிறந்த பெயர். ஐபீரிய நாடுகளில் துறவு மேற்கொண்டோர் தம் குடிப்பெயரை விடுத்து 'சிலுவையின்' என்ற அடைமொழியைச் சூடிக்கொள்வதுண்டு. 1542இல் பிறந்த ஸ்பானிய ஞானகவி சிலுவை அருளப்பர், இயற்பெயரில் ஹுவான் தே யேப்பஸ். துறவில்தான் அவர் 'ஹுவான் தே லா குரூஸ்' ஆனார். எந்தக் குலத்துக்கும் உரியதல்லாத பெயராக இருந்ததால், புதிதாகத் திருமறை தழுவியோருக்குச் சூட்டவும் அது வசதியாக இருந்தது.

நம் கரைக்கு அது வந்த கதை சுவையானது. முத்துக்குளித்துறை வரலாற்றில் முதலில் எதிர்ப்படும் குரூஸ் ஒரு போர்த்துக்கேயர் அல்லர்! கோழிக்கோட்டுச் சாமூதிரியின் தரப்பிலிருந்து 1513 அளவில் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்ட செட்டி குல இளைஞர் ஒருவர் அங்கே ஞானஸ்நானம் பெற்று 'ஜுவாவோ த குரூஸ்' என்ற பெயருடன் திரும்பினார். பின்னர் குதிரை வணிகரானார். 1530களில் முத்துக்குளிக்கும் பரதவர்கள் கடலுரிமைப் பூசலில் நெருக்குண்டிருந்தபோது, கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பைக் கேளுங்கள் என்று அவர்களுக்கு வழிகாட்டியவர் இவரே. பாதுகாப்பு கிடைத்தது, விலை ஞானஸ்நானம். 1535 முதல் 1537 வரையான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கேயரின் பெயரைச் சூடுவது அக்கால வழக்கம். இவ்வாறு ஒரே தலைமுறையில் பெர்னாண்டோக்களும் குரூஸ்களும் வாஸ்களும் கரை நெடுகத் தோன்றினர்.

1542இல் புனித சவேரியார் அக்கரைக்கு வந்தார். மன்னாரிலிருந்து அவருக்கு அழைப்புப் போனது. தாம் வரமுடியாமல் குருவானவர் ஒருவரை அனுப்பிவைத்தார். மன்னார் மக்கள் மறை தழுவிய செய்தி நல்லூருக்கு எட்டியது. இதைத் தன் இறைமைக்கு நேர்ந்த சவாலாகக் கண்ட யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி, 1544இல் படை நடத்தி வந்து சுமார் 600 பேரைக் கொன்றான். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் திருத்தலம் இன்றும் அந்நிகழ்வை நினைவுகூர்கிறது. இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. சவேரியார் கோரிய தண்டனைப் படையெடுப்பு நடைபெறவே இல்லை. சரக்கு ஏற்றிய போர்த்துக்கேயக் கப்பலொன்று தரைதட்டி யாழ்ப்பாண மன்னன் கையில் சிக்கியதால், அதை மீட்கும்வரை படையெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். பின்னர் கைவிட்டே விட்டார்கள். பெயர் கொடுத்தவர்கள், பெயர் பெற்றவர்களின் உயிரை என்ன விலைக்கு மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1560இல் ஆள்பதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தார். முத்துக்குளித்துறையின் தலைமையிடமும் புன்னைக்காயலிலிருந்து இங்கு மாறியது. அத்துடன் அக்கரைக் குடும்பங்களும் இக்கரைக்கு வந்தன. ஆகவே மன்னாரின் குரூஸ்களுக்குப் பிறப்பிடம் ஒன்றல்ல. சிலர் இத்தீவிலேயே திருமுழுக்குப் பெற்றவரின் வழியினர். சிலர் தூத்துக்குடி, புன்னைக்காயல் பக்கமிருந்து கடல் கடந்தவரின் வழியினர். ஒருவரோடொருவர் இரத்த உறவில்லாத குடும்பங்களும் ஒரே பெயரைத் தாங்குவதன் காரணம் இதுதான். 'நீங்களும் குரூஸ், நாங்களும் குரூஸ், அப்படியென்றால் சொந்தமா?' என்ற கேள்விக்கு 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதே நேர்மையான விடை.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது; குருமார் துரத்தப்பட்டனர். பெயர் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெயரால் இனி இலாபம் ஏதும் இல்லை, இடைஞ்சல்தான் உண்டு. அப்போது மக்கள் பெயரைக் கழற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார், குருவானவர் இல்லாமல் ஒரு தலைமுறைக் காலம் செபமாலையும் பெயரும் கொண்டே விசுவாசத்தைக் காத்த மக்களை இத்தீவிலே கண்டார். (அவருடைய 'வாஸ்' என்ற பெயரும் இதே விதமாகக் கொங்கணிக் குடும்பமொன்றுக்கு வந்ததே. 2015 ஜனவரியில் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.) திணிக்கப்பட்டதோ விரும்பி ஏற்றதோ, எதுவாக இருந்தாலும், அந்த இருட்டுக் காலத்தில்தான் குரூஸ் என்பது உண்மையில் இம்மக்களின் சொந்தப் பெயராயிற்று என்று நான் கருதுகிறேன்.

இனி இப்பெயரின் பரவலைப் பார்ப்போம். தமிழகக் கரையில் இது முதற்பெயராகவும் வரும், குடிப்பெயராகவும் வரும். தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகரத் தந்தை ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்துவுக்கு அது முதற்பெயர். 'கொற்கை' நாவலுக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற உவரி மைந்தர் ஜோ டி குரூஸுக்கு அது குடிப்பெயர். வங்காளதேசத்திலும், மலாக்காவின் யூரேசியரிடையேயும், கிழக்குத் திமோரிலும் குரூஸ்கள் உளர். போர்த்துக்கேயக் கப்பல் நங்கூரமிட்ட கரைகளையெல்லாம் இந்த ஒரு பெயரை வைத்தே வரைபடமாக்கலாம்.

ஆயினும் இப்பெயரின் தலைநகரம் என்று சொல்லத்தக்கது பிலிப்பைன்ஸ். அங்கே 'தெலா குரூஸ்' என்பதே மிகப் பரவலான குடிப்பெயர். பக்தியால் ஆளாளுக்கு அதையே சூடிக்கொண்டதில், யார் எவர் என்று தெரியாமல் வரி அறவிட முடியவில்லை. 1849 நவம்பரில் ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். ஏறத்தாழ 60,000 பெயர்களை அகரவரிசைப்படுத்திய பட்டியல் நூலொன்று மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. ஊருக்குச் சில பக்கங்கள். அதிலிருந்து பெயரைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும். சில ஊர்களில் எல்லோருடைய குடிப்பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும் விந்தை இதனால் விளைந்தது. நான்கு தலைமுறையாக ஒரு பெயரைத் தாங்கியவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் தெலா குரூஸ் அழியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மணிலாவில் பணியாற்றிய ஸ்கொட்லாந்துப் பத்திரிகையாளர் ராபர்ட் மெக்கலக் டிக், பொலிஸ் பதிவேடுகளிலும் கோயில் ஏடுகளிலும் திரும்பத் திரும்ப அப்பெயரையே கண்டு, சாதாரணக் குடிமகனுக்கு 'ஹுவான் தெலா குரூஸ்' என்று பெயரிட்டார். அது நிலைத்துவிட்டது. ஒரு பத்திரிகையாளன் அங்கே இப்பெயருக்கு உயிரூட்டினான். இங்கே ஒருவன் அதன் ஈற்றெழுத்தை வெட்டினான்!

இலங்கையில் அப்படியோர் ஆணை பிறக்கவில்லை. இங்கே பெயரை எழுதியவர்கள் கோயில் ஏட்டில் உபதேசியார், தோம்பில் ஒல்லாந்தக் கந்தோர் எழுத்தர், பின்னர் ஆங்கிலேயர் காலப் பதிவாளர். ஒவ்வொருவரும் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். தமிழ் நெடிலை ஆங்கிலத்தில் காட்ட 'ஓ' என்ற எழுத்தை இரட்டித்து எழுதியதில், உலகின் பிற கரைகளில் அரிதாகவே காணக்கூடிய ஓர் எழுத்துக்கூட்டு இலங்கையில் பிறந்தது. கனடாவிலோ நோர்வேயிலோ ஒரு பெயர்ப்பலகையில் அந்த இரட்டை 'ஓ'வைக் கண்டால், அவருடைய பாட்டனார் பெரும்பாலும் மன்னார்க் கரையையோ, சிலாபம், நீர்கொழும்புக் கரையையோ சேர்ந்தவராக இருப்பார்.

சிக்கலும் அங்கேதான். ஒரே வீட்டில் தகப்பனின் பிறப்புச் சான்றில் ஒரு விதம், மகனின் அடையாள அட்டையில் வேறு விதம், பேரப்பிள்ளையின் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். காணி உறுதி, நட்டஈடு, காணாமற்போனோர் பட்டியல், வெளிநாட்டுக் குடியுரிமை ஆகிய எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படுவது 'இவர்தான் அவரா?' என்பதே. அதை மெய்ப்பிக்கச் சத்தியக்கடதாசி முடித்து அலையும் தாய்மாரை என் தொழில் வாழ்வில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்து பிசகினால் ஒரு மனிதன் ஏட்டில் இரண்டு மனிதனாகிவிடுகிறான். சில வேளை ஒருவனுமே இல்லாமற் போய்விடுகிறான்.

இப்பெயர்களைக் களைந்து தமிழ்ப் பெயர் சூட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தப் பெயர் என்பது பெற்றோரின் உரிமை. அதில் எனக்குக் கருத்தில்லை. ஆனால் யன்னலும் மேசையும் பாணும் எந்தக் கப்பலில் வந்தனவோ அதே கப்பலில் வந்ததுதான் குரூஸும். ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஒரு கரையில் பிறந்து, வலை இழுத்து, கொலையுண்டு, ஒளிந்திருந்து வழிபட்டு, கடலிலே இறந்து போனவர்கள் தாங்கிய பெயரை அந்நியப் பெயர் என்று எப்படிச் சொல்வது?

அந்த அஞ்சலட்டை பல வீட்டு மாற்றங்களில் தொலைந்துவிட்டது. கையெழுத்து மட்டும் நினைவிருக்கிறது. கீழே தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார் அந்தத் தகப்பனார். 'ஸ்' மீதிருந்த புள்ளி, மை ஊறி, அட்டையின் மறுபக்கத்திலும் தெரிந்தது.