தோட்டத்துக் காசும் திரைச் சித்திரமும்

மலாக்காவின் தோற்றக் கதையில் ஒரு சருகுமானும் ஒரு நெல்லிமரமும் உண்டு. 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரன் ஆற்றங்கரையில் இளைப்பாறியபோது, அவனுடைய வேட்டைநாயைச் சருகுமான் ஒன்று உதைத்து நீரில் தள்ளியதாகவும், தான் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே அவன் தன் புதிய நகருக்கு இட்டதாகவும் மலாய் மரபு கூறும். மலாய்க்காரர் மலாக்கா மரம் என வழங்குவதும் தமிழர் நெல்லி என வழங்குவதும் ஒன்றே. அதியமான் ஔவைக்கு ஈந்த கனி இங்கே ஒரு மாநிலத்திற்கே பெயராயிற்று என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரை யாரும் குறைகூற இயலாது. மாநிலச் சின்னத்தில் இன்றும் சருகுமான்கள் இரண்டு நிற்கின்றன.

விலங்குகளைப் பேசவைத்துக் கதை சொல்லும் கலையில் தமிழும் மலாயும் கைகோத்த இடமும் மலாக்காவே. இந்நகரில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா தமிழ் கற்றவர். தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்து 1835இல் முடித்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த உறவு வேறோர் உருவில் வெளிப்பட்டது. அரசாங்கத் திரைப்பட நிறுவனமான பிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றிய ஆனந்தம் சேவியர், சருகுமான் கதையை 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்னும் குறும்படமாக 1978இல் உருவாக்கினார். நாட்டின் முதல் அசைவூட்டப் படம் அதுதான். அது மக்கள் பார்வைக்கு வந்ததோ 1983இல். மலேசிய அசைவூட்டக் கலையின் முதல் ஏட்டில் இந்திய வம்சாவளியினர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அதன்பின் கலை விரைந்து வளர்ந்தது. 2007இல் 'உப்பின் இப்பின்' தொடங்கியது. 2011இல் 'போபோய்போய்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தது. கொக்கோவை ஆற்றலாகப் பயன்படுத்த எண்ணி வேற்றுக்கோளினர் பூமிக்கு வருவதும், சிறுவர் சிலர் அவர்களை எதிர்ப்பதும் அதன் கதை. நாட்டின் விளைபொருள் ஒன்றையே அறிவியல் கற்பனைக்குக் கருவாக்கியது நல்ல சூழ்ச்சி. அச்சிறுவருள் ஒருவன் கோபால். பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் பெற்றவன், உண்பதில் பெருவிருப்பினன், அச்சம் மிக்கவன், சிரிக்க வைப்பவன். 'உப்பின் இப்பின்' தொடரிலோ ராஜு என்னும் சிறுவன் தோழனாக வருகிறான். இருவரும் அன்புக்குரிய பாத்திரங்களே. ஆயினும் இருவரும் நாயகனுக்கு அருகில் நிற்பவர்கள், நாயகர்கள் அல்லர். தமிழ் பேசும் பிள்ளை ஒருத்தி விண்கலத்தைச் செலுத்தும் தொடர் ஒன்று வேண்டுமெனில், அதைப் பிறர் எடுத்துத் தருவார்களென்று காத்திருப்பது முறையன்று.

இது வெறும் பெருமைக்கான ஆசை எனத் தள்ளிவிட இயலாது. மலாக்கா நகரின் காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் கோயிலை இன்றளவும் பேணி வருகின்றனர். பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுகின்றனர். வீட்டில் பேசுவதோ மலாய். சமயம் நிலைக்க, மொழி நழுவிய வரலாறு அது. பிள்ளை எந்த மொழியில் முதற்கதை கேட்கிறதோ அந்த மொழியிலேயே கனவும் காணும். முன்பு தோட்டத்து லயத்தில் பாட்டி சொன்ன கதையின் இடத்தை இப்போது கைப்பேசித் திரை பிடித்துக்கொண்டது.

பணம் எங்கிருந்து வரும் என்பதே வினா. அசைவூட்டம் செலவு மிக்க கலை. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள். பதினொரு நிமிட அங்கம் ஒன்றிற்கு 7,920 ஓவியங்கள் என்றாகிறது. பாத்திரம் அசையாதிருக்க வாயை மட்டும் அசைப்பது, பின்னணியை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது முதலிய சிக்கன முறைகளால்தான் 1962இல் அமெரிக்காவில் 'ஜெட்சன்ஸ்' என்னும் விண்வெளிக் குடும்பத் தொடர் இயன்றது. 1963இல் ஜப்பானில் ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரைத் தம் சொந்த நிறுவனத்திலேயே எடுத்தார். தொலைக்காட்சிக்கு அடக்கவிலைக்கும் குறைவாக விற்று, குறைந்த பணத்தைத் தம் சித்திரக்கதை வருவாயாலும் பொம்மை விற்பனையாலும் ஈடுசெய்தார். தொடர் வென்றது; ஆனால் அவர் வைத்த குறைந்த விலை பின்வந்த ஓவியர்களின் கூலியை நெடுங்காலம் அமுக்கிவைத்தது எனக் குறைகூறுவோர் உளர். ஒருவர் பையிலிருந்து மட்டும் பிறக்கும் கலைக்கு அந்த இடர் உண்டு. அரசின் பையோ அரசின் மொழிக்கே முதலிடம் தரும், அதில் வியப்பில்லை.

எஞ்சுவது மக்களின் பை. அதில் மலாயாத் தமிழருக்கு நெடிய பழக்கம் உண்டு. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டபின் தோட்டங்கள் பெருகின; தோட்டந்தோறும் கோயில் எழுந்தது; கோயில் திருவிழாவிற்குச் சம்பளநாளில் செக்ரோலிலேயே காசு பிடிக்கப்பட்டது. பால்வெட்டுக்காரர் எவரும் தம்மைக் கொடைவள்ளல் என எண்ணியதில்லை. அது மாதக் கணக்கு, அவ்வளவே. அப்பழக்கத்தின் மீதே பெரிய காரியங்கள் நின்றன. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என முழங்கி ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய இயல் துறையின் தமிழ் நூல்களுக்கு அந்நிதி துணை நின்றது. அடுத்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கினை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அக்காசு கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தையே விலைக்கு வாங்கியது. முன்னதில் கொடுத்தவன் கொடையாளி, பின்னதில் பங்காளி. இந்த வேறுபாடு திரைக்கலைக்கு மிக முக்கியம்.

திரைப்படத்திற்கு இம்முறை பொருந்துமா என்பதற்கு இந்தியாவில் இரு சான்றுகள் உள்ளன. 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' படத்திற்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து இலட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் தந்தனர். படம் வெளிவந்ததும் லாரி லாரியாக வந்து பார்த்தவர்களும் அவர்களே. பணமும் பார்வையாளரும் ஒரே வாயிலில் வந்த அரிய நிகழ்ச்சி அது. 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தைத் தந்த ஜான் ஆபிரகாம், பின்னர்க் கேரளத்தில் ஒடெசா குழுவோடு ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் படத்தைக் காட்டிக் காசு திரட்டி, 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார். கூட்டுறவு அமைப்பு ஏற்கெனவே இருந்ததால் பெனகலுக்கு வசூல் எளிதாயிற்று. அமைப்பே இல்லாத இடத்தில் ஜான் நடந்து தேடினார்.

2009இல் கிக்ஸ்டார்டர் என்னும் இணையத்தளம் தோன்றியபின் உலகெங்கும் சிதறிக் கிடப்போரின் சிறுதொகை ஓரிடத்தில் சேர வழி பிறந்தது. செக்ரோல் செய்த வேலையை இணையம் செய்யத் தொடங்கிற்று எனலாம். ஆனால் செக்ரோல் மாதந்தோறும் வரும். இணைய வசூலோ பெரும்பாலும் ஒரே முறை. அதன் விளைவை ஜப்பானின் 'அண்டர் தி டாக்' காட்டுகிறது. எதிர்கால டோக்கியோவைக் களமாகக் கொண்ட இவ்வறிவியல் புனைகதைக்கு 2014இல் 12,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 8 இலட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தனர். தொடராக வளரும் என்ற நம்பிக்கையில் கொடுத்தனர். 2016இல் கைக்கு வந்தது அரைமணி அளவிலான ஒரே அங்கம். யாரும் ஏமாற்றவில்லை, அத்தொகைக்கு அவ்வளவுதான் ஆகும். திருவிழாவை ஒருநாள் வசூலில் நடத்திவிடலாம். கோயிலை நடத்த மாத வரி வேண்டும். தொடர் என்பது கோயிலைப் போன்றது.

மலாக்காத் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறிய பின்னர், அவற்றின் மக்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், மஸ்ஜித் தானா, மலாக்கா நகர் எனச் சிதறினர். லயம் இல்லை, செக்ரோலும் இல்லை. ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் உள்ளன. பொருளாளர் யார், அவர் வீடு எங்கே என்பது கொடுப்போருக்குத் தெரியும். இணையத்தில் கிடைக்காத நம்பிக்கை அது. மறுபுறம், 1996இல் டெலிகாம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய மல்டிமீடியா பல்கலைக்கழகம் பிறந்ததும் இம்மாநிலத்தில்தான். எனவே கணினித் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. பதினொரு நிமிட அங்கங்கள் பதின்மூன்றுக்குக் கையால் வரைந்தால் ஏறத்தாழ ஒரு இலட்சத்து மூவாயிரம் ஓவியங்கள். கணினியில் முப்பரிமாணமாகச் செய்தால் ஓவியம் குறையும், ஆனால் உருவம் வார்க்கவும் ஒளியமைக்கவும் ஆள் வேண்டும், மாதங்கள் வேண்டும்.

இங்கே முதலில் தீர்க்க வேண்டியது தொகையைவிடக் கடினமான ஒன்று: பாத்திரம் யாருடையது? பால்வெட்டுக்காரரின் பேத்தி விண்கலம் செலுத்தும் நாயகியாகப் புகழ்பெற்று, அவள் முகம் புத்தகப்பையிலும் தண்ணீர்ப்புட்டியிலும் விற்பனையாகும்போது, அந்த வருவாய் ஓவியருக்கா, நிறுவனத்திற்கா, மாதம் பத்து வெள்ளி கொடுத்தவர்களுக்கா? இணைய வசூலில் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் ஒரு சட்டையோ வட்டோ கிடைக்கும், உரிமை கிடைக்காது. புக்கிட் சீடிமை வாங்கிய காசுக்கோ பங்குப் பத்திரம் கிடைத்தது. தெசுகாவின் ஓவியர்களுக்கு நேர்ந்ததையும் மறத்தலாகாது. மக்களின் படம் என்று சொல்லி இளைஞரைக் குறைந்த கூலிக்கு வரையச் செய்தால் அது வேறொரு தோட்டமாகிவிடும்.

'மந்தன்' புதுப்பிக்கப்பட்டு 2024இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அப்படத்தின் தொடக்கத்தில், அதை வழங்குவோர் குஜராத்தின் ஐந்து இலட்சம் விவசாயிகள் என்றே எழுத்துகள் வருகின்றன.