சொல்லைத் தேடும் கலை: நிகண்டு முதல் விசைப்பலகை வரை

விளாத்திகுளம் வட்டத்துப் புதூரிலும் அதனைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் மானாவாரியாக மிளகாயும் பருத்தியும் உளுந்தும் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள், கோவில்பட்டியில் 1984-ஆம் ஆண்டு தோன்றிய நேஷனல் பொறியியல் கல்லூரி போன்ற கலாசாலைகளில் பயின்று, இன்று கணினி நிரல் எழுதும் தொழிலில் பிரவேசித்திருக்கிறார்கள். அத்தொழிலில் எழுதும் பொழுதைவிடத் தேடும் பொழுதே மிகுதி. பல்லாயிரம் வரிகளுக்கிடையே ஒரு பெயர் எங்கெங்கே பிரயோகமாகியிருக்கிறது என்று கண்டு, ஒவ்வோரிடமாகச் சென்று பார்த்துத் திருத்துவது அவர்களுடைய நித்திய கருமம். விஎஸ் கோட் என்னும் நிரல் எழுதியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஃப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்தழுத்திச் சொல்லைக் கொடுத்தால், அது வரும் கோப்புகளும் வரிகளும் ஒரு பட்டியலாக வந்து நிற்கின்றன. எஃப்4 விசை அடுத்த இடத்துக்கும், ஷிப்டுடன் சேர்ந்த எஃப்4 முந்தைய இடத்துக்கும் கொண்டுசெல்கின்றன. மௌஸை நாடிக் கை அலைவதில்லை. இச்சௌகரியத்தின் பின்னே நெடிய சரித்திரம் ஒன்று உண்டு. அதன் ஓர் அத்தியாயத்துக்கு இதே கரிசல் பூமியோடு சம்பந்தமும் உண்டு.

முற்காலத்தில் சொல்லின் இருப்பிடம் ஏட்டைக் காட்டிலும் கற்றவர் நெஞ்சிலேயே இருந்தது. திவாகரமும் பிங்கலமும் மண்டலபுருடர் செய்த சூடாமணியும் செய்யுளால் ஆன நிகண்டுகள். தேவர் பெயர், மக்கள் பெயர், மரத்தின் பெயர் என்று பொருள் வகையால் தொகுதி பிரிக்கப்பட்டவை. சூடாமணியின் பதினோராம் தொகுதியோ பல பொருள் தரும் சொற்களை எதுகைக் கிரமத்தில் அமைத்தது; ஆதலால் அதில் தேடுபவர் முதலெழுத்தை விடுத்து, இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு செல்லவேண்டும். மனப்பாடம் செய்தவர்க்கு இதில் சிரமமில்லை. செய்யாதவர்க்கு வழியே இல்லை. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கியபோதுதான், ஞாபகசக்தியின் துணையின்றியும் சொல்லைச் சென்றடையலாம் என்ற எண்ணம் தமிழில் உருப்பெற்றது.

இத்தாலியில் 1680-இல் பிறந்த கொன்ஸ்டான்ஸோ பெஸ்கி, தமிழகம் வந்த ஆரம்ப காலத்தில், கோவில்பட்டிக்கு அணித்தான காமநாயக்கன்பட்டியில் ஊழியம் புரிந்தவர். பிற்காலத்தில் வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்ற அவர், 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என்ற அதன் நான்கு பிரிவுகளும் நான்கு விதமான தேடலுக்கு இடமளித்தன: சொல்லை அறிந்து பொருள் தேடுவார்க்கு ஒன்று, பொருளை அறிந்து சொல் தேடுவார்க்கு மற்றொன்று, ‘ஐம்பூதம்’ போன்ற தொகைகளின் விரிவை நாடுவார்க்கு வேறொன்று, செய்யுளுக்கு எதுகை நாடும் புலவர்க்கு இன்னொன்று. தேடுபவருடைய தேவை எதுவென்று முதலில் சிந்தித்து, அதன் பின்னரே நூலின் அமைப்பை வகுத்த அந்தத் தீர்க்கதரிசனத்தை நான் வணங்குகிறேன்.

எனினும், ஒரு சொல் வரும் இடங்கள் அனைத்தையும் காட்டுவது அகராதியின் வேலையன்று. அது சொல்லடைவின் வேலை. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்த்து அப்பாதையைத் திறந்தார். வ. ஐ. சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு, அந்நூலின் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தப் பாட்டில் வருகின்றன என்பதைத் தொகுத்துக் காட்டிற்று.

மேனாட்டில் கணினி வழித் தேடலும் இதனையொத்த இலக்கிய ஆராய்ச்சியோடு தொடர்புடையதே. அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர் யார் என்று ஆராய்ந்த லீ மக்மாஹனுக்கு உதவவே கென் தாம்ஸன் கிரெப் என்னும் தேடற்கருவியைத் தனியே அமைத்தார் என்பது பிரையன் கெர்னிகன் கூறும் வரலாறு. 1973-இல் அது யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இடம்பெற்றது. 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் ஆக்கிய விஐ எழுதியில், சாய்கோடிட்டுச் சொல்லை எழுதித் தேடியபின், ‘என்’ விசை அடுத்த இடத்துக்கும் அதன் பெரிய எழுத்து எதிர்த்திசைக்கும் அழைத்துச் சென்றன. மௌஸ் இல்லாத முனையங்களின் நிர்ப்பந்தத்தால் பிறந்த அப்பழக்கம், மௌஸ் வந்த பிறகும் மறையவில்லை. சிந்தனை அறுபடாமல் கை நகர்வதன் இன்பத்தை ஒருமுறை அறிந்தவர் அதனைக் கைவிடுவதில்லை.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் பழந்தமிழ் நூல்கள் மின்னெழுத்தில் கிடைக்கின்றன. ஆகவே நிரலைத் தேடும் அதே விசைகளைக்கொண்டு இலக்கியத்தையும் தேடலாம். ஆனால் ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ முதலியன விடுபட்டுப்போகும். ‘மர’ என்று சுருக்கினாலோ ‘மரபு’, ‘மரணம்’ ஆகியவையும் உடன் வந்து சேரும். இயந்திரம் எழுத்தின் ஒற்றுமையை மட்டுமே காணும். இது வேண்டும், இது வேண்டா என்று பிரிப்பது மனிதர் விவேகமே. நிரலிலும் அவ்வாறே, ஒரு பெயரை எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் மாற்றுகிறவர், அதே பெயர் வேறு காரியத்துக்கு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார். பருத்திக் காட்டில் நிரை பிடித்துச் செல்பவர் செடிக்குச் செடி நின்று, வெடித்த காயை எடுத்து வெடிக்காததை விட்டுச் செல்வதுபோல, ஒவ்வோரிடத்திலும் ஒரு கணம் நின்று பார்ப்பவரே நல்ல நிரலாளர்.

ஆதலின், கல்லூரிகளில் இவ்விசைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வேகத்தை மட்டும் அவற்றின் பயனாகக் கூறாதிருப்பார்களாக. கையின் சிரமத்தைக் குறைத்து, அவ்வாறு மிஞ்சிய கவனத்தை ஒவ்வொரு வரிக்கும் செலவிடச் செய்வதே அவற்றின் மெய்ப்பயன். சொல்லடைவு தொகுத்தோர் கண் வருந்த ஆற்றிய பணியில் வருத்தத்தை மட்டுமே விசை நீக்கியிருக்கிறது. பார்க்கவேண்டிய பொறுப்பு இன்னமும் நம்முடையதே.