முதல் வீடும் முத்திரை வரியும்

தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே மணம் புரிந்து, பேரப்பிள்ளைகளையும் கண்ட நம்மவர் பலர்க்கு அந்த வீட்டின் ஓர் ஓட்டின் மீதும் உரிமை இருந்ததில்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை போயின் வீடும் போயிற்று. தொழிலாளர் வீட்டுவசதிக்கென 1966-இல் ஏற்பட்ட சட்டமும், வீடு இன்ன தரத்தில் இருத்தல் வேண்டுமென முதலாளிக்கு விதித்ததேயன்றி, அதனைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை.

பட்டணத்தார் நிலை மேலென்பீர்களோ? ஜார்ஜ் டவுனில் 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பெற்ற வீடுகளின் வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறவிடாது தடுத்து நின்றது. சொற்ப வாடகையில் தலைமுறையாய் வாழ்ந்தோர் அவற்றையே தம் வீடென எண்ணியிருந்தனர். 2000 ஜனவரி முதல் அக்கட்டு அவிழ்ந்தது. பத்திரத்தில் இருப்பது வேறொருவர் பெயர் என்பது அன்றுதான் பலர்க்கு உறைத்தது.

உதவிக் கரம் முதலில் நம்மவரிடமிருந்தே நீண்டது. சுதந்திரத்தையொட்டி வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, தொழிலாளர் வேலையும் லயமும் ஒருங்கே இழந்தனர். 1960-இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மாதம் 10 வெள்ளியாக 100 வெள்ளிப் பங்கு சேர்த்தனர் பால்வெட்டுத் தொழிலாளர். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அவர்கள் வாங்கியது தனி வீடன்று, தோட்டமே; ஆயினும் வெளியேறு என்று சொல்ல அங்கே அந்நிய முதலாளி இல்லை.

அரசாங்கத்தின் உதவி வேறு வகைத்து. 2011-இல் வந்த முதல் வீட்டுத் திட்டம், மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத வருவாயுள்ள இளைஞர்க்கு முன்பணமின்றி முழுக் கடன் கிடைக்க வழி செய்தது. 2021 முதல், 5 லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு முத்திரை வரி அறவே நீக்கப்பட்டது. 3 லட்சம் வெள்ளி வீடாயின் உரிமை மாற்றத்தில் மட்டும் 5,000 வெள்ளி மிச்சம். இது மெய்யான உதவி, மறுப்பதற்கில்லை. சேமநிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுப்பதையும் சிலர் உதவியென்பர். அது நம் பணமன்றோ!

2025 முதல் வீடு வாங்குவோர்க்கு மற்றொரு சலுகை: அதே விலைக்குட்பட்ட முதல் வீட்டுக்கடன் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை, மூன்றாண்டுகள், வரிக்குரிய வருவாயிலிருந்து கழிக்கப்படும். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவனுக்கு இதனால் ஒரு காசும் இல்லை. உயர்ந்த சம்பளக்காரர்க்கே பயன் அதிகம். உதவி யாருக்கு மிகத் தேவையோ அவரை எட்டாத உதவியை என்னென்பது?

இதனினும் நம்மவர் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. முத்திரை வரி விலக்குப் பெறுபவர் இதற்குமுன் எவ்வித வீடும் உடையவராயிருத்தல் கூடாது. மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ வந்ததும், பிறருடன் கூட்டாக இருப்பதும் இதில் அடங்கும். பாட்டன் அரும்பாடுபட்டு வாங்கிய சிறு வீட்டைப் பேரர் அறுவர் பெயரில் எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாசத்தால் செய்வதுதான். ஆயின் அன்றே அறுவரும் சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரர் ஆகிவிடுகின்றனர். ஓர் அறைக்கும் போதாத ஆறிலொரு பங்கைக் காட்டி அவர்க்கு விலக்கு மறுப்பது முறையோ என நிதியமைச்சைக் கேட்கிறோம். அவ்விதி திருத்தப்படும் வரை, பெயர் எழுதுமுன் வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுமாறு பெரியோர்களை வேண்டுகிறோம்.