முன் கயிறும் பின் கயிறும்

பனி என்ற சொல் நம்மை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டால் நம் மட்டில் விவகாரம் தீர்ந்தது. இமயத்தின் உச்சிகளிலோ பனிதான் தரை. கால் வைத்து நடக்கும் அந்தத் தரை சில வேளைகளில் இடம் பெயர்ந்துவிடும்.

1922-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி அப்படித்தான் பெயர்ந்தது. எவரெஸ்ட் சிகரத்தை எட்டிவிடுவது என்ற சங்கற்பத்துடன் சென்ற முதல் கோஷ்டி, ஜெனரல் புரூஸின் தலைமையில் திபெத் பக்கத்தில் முகாமிட்டிருந்தது. இரண்டு முயற்சிகள் தோற்றுவிட்டன. மூன்றாவது முயற்சிக்குப் புறப்பட்டவர்கள் மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு என்ற மூன்று ஆங்கிலேயர்கள். அவர்களுடன் சுமை தூக்கும் 14 மலைவாசிகள். பதினேழு பேரும் நான்கு கயிறுகளில் பிணைந்து, வடக்குக் கணவாயை நோக்கிச் சரிவில் ஏறினார்கள்.

சில நாட்களுக்கு முன்புதான் புதுப் பனி ஏராளமாகப் பெய்திருந்தது. பிறகு நல்ல வெயில் அடித்தது. பனி இறுகியிருக்கும் என்று ஆல்ப்ஸ் மலையில் பழகிய கண்கள் தீர்மானித்தன. செங்குத்தான ஓரிடத்தில் மிதித்துச் சோதித்தும் பார்த்தார்கள். சரியவில்லை.

ஆனால் புதுப் பனியின் குணம் விசித்திரமானது. பழைய சுவரில் பூசிய புதுச் சாந்து சில சமயம் பிடிப்பில்லாமல் பாளமாகப் பெயர்ந்து விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனியும் அப்படித்தான். மேலே கெட்டியாகத் தோன்றும். அடியில் பழைய பனியுடன் ஒட்டியிராது. ஓரிடத்தில் சோதனைக்கு நின்றது, நூறு அடி தள்ளி நிற்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒரு மனிதனின் பாரமே போதும். விரிசல் ஓடிச் சரிவு முழுவதும் கிளம்பிவிடும். நின்றதும் சிமெண்டைப் போல் இறுகிக்கொள்ளும். புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது.

பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. முன் கயிற்றில் இருந்த மூன்று ஆங்கிலேயரும் ஒரு கூலியாளும் பனியோடு சறுக்கி, எப்படியோ தப்பினார்கள். அடுத்த கயிற்றின் நால்வரும் பிழைத்தார்கள். கடைசி இரண்டு கயிறுகளில் இருந்த ஒன்பது பேரைச் சரிவு ஒரு பனிச் செங்குத்துக்கு அப்பால் வாரிக் கொட்டிவிட்டது. தோண்டியதில் இருவர் உயிருடன் கிடைத்தார்கள். ஏழு பேர் மாண்டார்கள்.

பனியின் போக்கைத் தீர்மானித்தவர்கள் முன் கயிற்றில் இருந்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கு விலை கொடுத்தவர்கள் சுமையோடு பின்னால் வந்தார்கள். இதை முதலில் உணர்ந்தவர் சாமர்வெல்தான். இறந்தவர்களில் ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லையே என்று அவர் துடித்தார். தாமும் அவர்களோடு கிடந்திருக்கலாம் என்ற வேதனையைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

1924-இல் அதே கணவாயில் நான்கு கூலியாட்கள் புதுப் பனியில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்க நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் ஏறினார்கள். அபாயமான சரிவைக் குறுக்கே கடந்தவர் சாமர்வெல். கயிறு சில கஜம் குறைந்தது. இருவர் சமாளித்து வந்துவிட்டார்கள். மற்ற இருவர் சறுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். சாமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றி, நுனியைக் கையில் பற்றியபடி எட்டிப்போய், ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்துவந்தார்.

இந்த சாமர்வெல் நமக்கு அந்நியரல்ல. 1922-இல் மலையிலிருந்து இறங்கியபின் தெற்கே சுற்றிவந்தவர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரியைக் கண்டார். வைத்தியத்துக்குக் காத்துக் கிடந்த ஜனக்கூட்டத்தையும் கண்டார். லண்டன் வாழ்வை உதறிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். 1949 வரை நெய்யூரில் ரண வைத்தியம்; பிறகு 1961 வரை வேலூர் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர். அந்த ஏழு பேருக்குச் செய்த பிராயச்சித்தம் இது என்று கதை எழுதுகிற எனக்குச் சொல்ல ஆசைதான். அவர் சொன்ன காரணமோ நெய்யூர்க் கூட்டம் மட்டுமே. அதை மாற்ற எனக்கு உரிமை ஏது?

2014 ஏப்ரல் 18-இல் எவரெஸ்டின் தெற்குப் பக்கத்தில், கும்பு பனியாற்றில், பெரும் பனிக்கட்டி சரிந்து விழுந்தது. மாண்டவர் 16 பேர். பிறர் ஏறுவதற்காகப் பாதை அமைத்தும் சுமை தூக்கியும் வந்த நேபாள நாட்டுத் தொழிலாளிகள் அவர்கள். சிகரம் ஏற வந்த வெளிநாட்டார் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. தொண்ணூற்றிரண்டு வருஷம் கழித்தும் கயிற்றின் வரிசை மாறவில்லை.