மேகக் கருக்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை

மேகக் கரு என்பது காற்றிலுள்ள நீராவி தன்மீது படிந்து நீர்த்துளியாக மாற இடங்கொடுக்கும் நுண்துகள். துகளே இல்லாத காற்றில் நீராவி தானாகத் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் 100 விழுக்காட்டைப் போலப் பல மடங்கு உயர வேண்டும். வானத்தில் அப்படி நடப்பதில்லை. துகள் இருந்தாலோ 100 விழுக்காட்டைச் சற்றே தாண்டினால் போதும். ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் எய்ட்கன் 1880களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்: பஞ்சில் வடிகட்டிய காற்றில் நீராவியைச் செலுத்தியபோது மூடுபனி உண்டாகவில்லை, வடிகட்டாத காற்றில் உடனே உண்டாயிற்று. கருவாகத் தகுந்த துகளின் விட்டம் பெரும்பாலும் 0.1 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்கு மேலே கூடும் மேகங்களின் கருக்களில் பெரும்பகுதி கடல் தந்தவை அல்ல, புகை தந்தவை என்பதே கிடைத்திருக்கும் சான்றுகள் காட்டும் முடிவு.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை அலை ஓயாமல் உப்பைக் காற்றில் தெளிக்கும்போது கருவுக்குப் புகை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எடையைப் பார்த்தால் உப்பின் பங்கு பெரியதுதான். ஆனால் மேகத்துக்கு எண்ணிக்கையே முக்கியம். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளுக்கு ஆகும் பொருளில் 0.1 மைக்ரோமீட்டர் துகள்கள் ஆயிரம் உண்டாகலாம். மாசற்ற பெருங்கடற்பரப்பில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் நூறு கருக்கள் அளவில் இருக்க, மாசடைந்த நிலப்பரப்புக் காற்றில் அது ஆயிரத்தைத் தாண்டும். கல்குவாரிகளிலும் ஜல்லி உடைக்கும் ஆலைகளிலும் எழும் தூசியும் இந்தக் கணக்கில் பெரிதாக வராது; அது கனமானது, விரைவில் தரையில் படிந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டுவது எரிப்பு: ஜி.எஸ்.டி. சாலை வாகனங்கள், செங்கல் சூளைகள், விறகு, குப்பை, வடக்கே எண்ணூர் வட்டாரத்திலுள்ள வல்லூர் முதலிய அனல்மின் நிலையங்களின் நிலக்கரி. (கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு இதில் பங்கில்லை, அங்கே அணு உலையில் எதுவும் எரிவதில்லை.) குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியின் புகையும் வங்கக் கடல்மீது பரவுகிறது. 1999இல் வீரபத்ரன் ராமநாதன், பால் குருட்சென் ஆகியோர் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, துணைக்கண்டத்தின் புகை கடல்மீது பல நூறு கிலோமீட்டர் படர்ந்து கிடப்பதை அளந்து நிறுவியது.

இன்னொரு மறுப்பு வேதியியல் சார்ந்தது. புகையிலுள்ள கரிமப் பொருள்கள் உப்பைப் போல ஈரத்தை இழுப்பதில்லை. ஆகவே அவை நல்ல கருக்களாகா என்பது நெடுநாள் கருத்து. இதைச் சோதிக்க 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கம் யாரும் திட்டமிடாத வாய்ப்பாக அமைந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் கடலோரக் காற்றை முடக்கத்தின்போதும் தளர்வுக்குப் பின்னும் அளந்தனர். போக்குவரத்தும் தொழிலும் மீண்டபின் மேகக் கருக்கள் 80 முதல் 250 விழுக்காடு வரை கூடியிருந்தன. வாயுக்களிலிருந்து புதிதாகப் பிறந்த மிகச்சிறு துகள்கள் கரிமப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்து கருவாகும் பருமனை எட்டியிருந்தன. ஈரம் இழுக்கும் திறன் குறைந்தாலும் எண்ணிக்கை அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. கடல் அப்போதும் அதே கடல்தான். பெரிதும் மாறியது மனிதர் விட்ட புகைதான் என்பதால் இந்தச் சான்றுக்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன்.

கரு கூடினால் மழையும் கூடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு, ஆபத்தான தவறும்கூட. மேகத்தில் உள்ள நீர் ஓர் அளவுதான். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை நூறு இலைகளில் பரிமாறினால் ஒவ்வோர் இலையிலும் கைப்பிடிதான் விழும்; அவ்வாறே கரு பெருகினால் துளிகள் சிறுக்கின்றன. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். சிறு துளிகள் எளிதில் மோதி இணைவதில்லை. மேகம் வெண்மையாகப் பளிச்சிட்டு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது (ஷான் ட்வோமி 1974இல் விளக்கியது இதைத்தான்), ஆனால் பொழியத் தாமதிக்கிறது. செயற்கை மழைக்குத் துகள்தானே தூவுகிறார்கள் என்று கேட்கலாம். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் சோலாப்பூரில் தூவியது, ஈரத்தை விரைந்து உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. அதுவும் ஏற்கெனவே திரண்ட, தகுந்த மேகம் பார்த்து. புகைக்கு அந்தத் தேர்வு கிடையாது. உயரமான இடிமேகங்களின் நிலை வேறு. கீழே பொழியாத சிறு துளிகள் உறைநிலை உயரத்துக்கு மேலே ஏறிப் பனிக்கட்டியாகும்போது வெப்பம் வெளிப்பட்டு மேகம் மேலும் வலுக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் கடற்காற்று உள்ளே நுழையும்போது செங்கல்பட்டு வட்டாரத்தில் எழும் வெப்பச்சலன மேகங்களுக்கு இது பொருந்தக்கூடும். அந்த விளைவின் அளவு குறித்து அறிவியலாளரிடையே விவாதம் தீரவில்லை.

மதுராந்தகம், கொளவாய் ஏரிகளை நம்பியிருக்கும் மாவட்டத்தில் மழை எப்போது, எந்த வேகத்தில் பெய்கிறது என்பது பயிரையும் வெள்ளத்தையும் தீர்மானிக்கும். ஆனால் மாசுக் கண்காணிப்பு நிலையங்கள் பி.எம். 2.5 துகளை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எடையில்தான் சொல்கின்றன. நாட்டின் ஆண்டு வரம்பான 40 மைக்ரோகிராமும் எடையே. 0.1 மைக்ரோமீட்டர் துகளுக்கு அந்தத் தராசில் ஏறக்குறைய எடையே இல்லை. இந்தக் கடற்கரையில் துகளின் எண்ணிக்கையை ஆண்டு முழுதும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் வேண்டும். அதைப் பருவமழைக் கணிப்போடு சேர்த்துப் பார்ப்பதை அரசும் ஆய்வு நிறுவனங்களும் தள்ளிப்போடக் கூடாது.