எஃகு ஒப்பந்தமும் இத்தாலியரின் வீட்டு வாழ்வும்

எஃகு ஒப்பந்தம் என்பது 1939 மே 22 அன்று பெர்லினில் இத்தாலியும் ஜெர்மனியும் செய்துகொண்ட இராணுவக் கூட்டு. முசோலினியின் மருமகனும் வெளியுறவு அமைச்சருமான சியானோ இத்தாலியின் சார்பில் கையெழுத்திட்டார். முசோலினி, ஹிட்லர் என்ற இரு சர்வாதிகாரிகளின் நெருக்கம் 1936 இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட்டது; அதற்கு 'அச்சு' என்று பெயர் சூட்டியவர் முசோலினியே.

மக்கள் கண்ணில் முதலில் பட்டவை ஊர்வலங்கள்தாம். 1938 மே மாதம் ஹிட்லர் ரோம், நேப்பிள்ஸ், ஃபுளோரன்ஸ் நகரங்களுக்கு வந்தார். அதே ஆண்டு இத்தாலியப் படைகளுக்கு முழங்கால் மடக்காத நடை கட்டாயமானது. ஜெர்மானிய நடையைப் பார்த்து எடுத்ததை 'ரோமானிய நடை' என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது சிரிக்கக்கூடியதல்ல. 1938 செப்டம்பரில் யூத மாணவர்களும் ஆசிரியர்களும் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டனர். நவம்பரில் யூதருக்கும் பிற இத்தாலியருக்கும் இடையிலான திருமணம் தடை செய்யப்பட்டது. யூதப் பெண்ணை மணந்திருந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி, அந்த டிசம்பரில் நோபல் பரிசு வாங்கச் சென்றவர் குடும்பத்தோடு அப்படியே அமெரிக்கா போய்விட்டார். இச்சட்டங்களை ஹிட்லர் கேட்டு வாங்கியதற்குத் தெளிவான சான்றில்லை. ஆகவே பழி முழுவதையும் நண்பன் தலையில் கட்டுவது முசோலினிக்குச் செய்யும் சலுகை.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. மறுநாள் இரவே தூரின் நகரில் குண்டு விழுந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் கப்பலில் வந்த நிலக்கரி நின்றது. ஆல்ப்ஸைக் கடந்து ரயிலில் வரும் ஜெர்மன் நிலக்கரியை நம்பித்தான் இத்தாலிய ஆலைகள் ஓடின. பதிலுக்குப் போனவர்கள் மனிதர்கள். 1938 முதல் 1943 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் தொழிலாளர்கள் ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

கூட்டின் விலை நாள்தோறும் தெரிந்த இடம் அடுப்படி. ரேஷன் சர்க்கரையில் தொடங்கியது. 1941 அக்டோபரில் ரொட்டிக்கும் வந்தது: பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம். 1942 மார்ச்சில் அது 150 கிராமாகச் சுருங்கியது. உடலுழைப்புத் தொழிலாளருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். பூங்காக்களில் கோதுமை விதைத்தார்கள். செம்புப் பாத்திரங்களும் இரும்புக் கிராதிகளும் ஆயுத ஆலைக்குப் போயின. காசுள்ளவன் கள்ளச் சந்தையில் வாங்கினான். கூலிக்காரன் வரிசையில் நின்றான். காப்பி அருகிப்போய், சிக்கரியையும் வறுத்த வாற்கோதுமையையும் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். நம் வீட்டில் சிக்கரி காப்பிக்குத் துணை. அவர்களுக்கோ பல நாள் அதுவே முழுக் கோப்பை.

பொறுமை வயிற்றிலிருந்துதான் உடைந்தது. 1943 மார்ச்சில் தூரின் ஃபியட் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் மிலானுக்கும் பரவியது. ஜெர்மனிக்குத் துணையாக ருஷ்யாவுக்குப் போன படையில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை என்ற செய்தி அதற்குள் வீடுவீடாக வந்திருந்தது. ஜூலை 25இல் முசோலினி பதவி இழந்தார். செப்டம்பர் 8இல் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் நேற்றைய கூட்டாளி நாட்டைப் பிடித்துக்கொண்டான். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்கள் ஜெர்மன் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அக்டோபர் 16 அன்று ரோமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். உயிரோடு திரும்பியவர் பதினாறு பேர்.

இந்தப் போர் தமிழ் மலைகளையும் தொட்டது. ஏற்காட்டில் 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், காப்பிப் பயிர் வேரூன்றியது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குக் கீழே சரிவுகளில் பரவிய தோட்டங்களுக்கும், குடகு, நீலகிரித் தோட்டங்களுக்கும் ஐரோப்பாவே முக்கியமான வெளிச்சந்தை. போர் அதை அடைத்தது. இத்தாலியில் குடிக்கக் காப்பி இல்லாத அதே நாட்களில், இங்கே காப்பியை வாங்க ஆளில்லை. விலைச் சரிவைத் தடுக்க 1940இல் அவசரச் சட்டமும் 1942இல் நிரந்தரச் சட்டமும் வந்தன. விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் ஒப்படைப்பது கட்டாயமாயிற்று. விற்பனை காப்பி வாரியத்தின் கைக்குப் போனது. போர்க்கால ஏற்பாடாகப் பிறந்த இந்தத் தொகுப்பு முறை 1990களில்தான் கைவிடப்பட்டது.